தேரி மேட்டுப் பனிச்சறுக்குக் கழகம்

“ஏட்டி கிரேஸி, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வாய மூடிட்டு இரி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

இதைச் சொன்னபோது டைட்டஸ் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தான். இடம், உவரிக்கு மேற்கே செம்மணல் தேரி. நேரம், காலை பத்து. பாளையங்கோட்டை நடைபாதையில் வாங்கிய அந்த ஸ்வெட்டரின் நீலச் சாயம், வியர்வையோடு சேர்ந்து வேட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“நான் எதுக்குப் பேசுதேன்? மீன் வித்துட்டு வாற வழியில, தெனம் உக்காருத மாதிரி செத்த நேரம் உக்காருவேன். அதுவும் குத்தமா?” என்றாள் அவன் மனைவி, தலையில் இருந்த காலிக் கூடையை இறக்காமலே.

“உக்காரு. ஆனா பேசாத. ஆளு தேர்ந்தெடுக்க மேடம் வாராவ. இமயமலையில ஒரு மாசம் பயிற்சியாளர் படிப்பு, ஒரே ஒரு சீட்டு. அது நமக்குக் கெடச்சாத்தான் பத்து ஜோடி அசல் சறுக்குக் கட்டை தருவாவ, நம்ம பிள்ளையளும் பனியக் கண்ணால பாக்கும். இல்லன்னா ரெண்டு வருசப் பாடும் மண்ணுதான்.”

“இப்பவும் மண்ணுலதான உருளுதிய?”

டைட்டஸுக்குத் தொழில் ஃபைபர் படகு ஒட்டுவது. கைப்பேசியில் பனிச்சறுக்கைப் பார்த்த அன்றே புத்தி பேதலித்து, மிச்சம் கிடந்த ஃபைபரில் நான்கு ஜோடிக் கட்டை செய்து, ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கழகமும் தொடங்கிவிட்டான். வழுக்குவதற்கு அடியில் மெழுகு தேய்க்க வேண்டும். மெழுகுக்கு அந்தோணியார் கோயில் இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைகள் மெழுகுவர்த்தி மேடையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதைப் பார்த்த பங்குச் சாமியார், ஊரில் பக்தி பெருகிவிட்டதென்று பிரசங்கத்திலேயே பூரித்துப்போனார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மர்வா மேலப்பாளையத்துப் பெண். பதினோரு வருடம் பனிமலைகளில் சறுக்கியவள்.

“அண்ணாச்சி, நீங்க ஒங்க போக்குல நடத்துங்க. நான் இங்கன ஓரமா நின்னு பாக்கேன்” என்றாள்.

டைட்டஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். உடலின் ஈர்ப்பு மையம், சரிவின் கோணம் என்று வீடியோவில் கேட்டதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தான். பிறகு செய்து காட்டினான். மூன்றாவது நொடியில் தேரி அவனை உட்கார வைத்தது.

“இப்பிடி விழக் கூடாதுன்னு காட்டுனேன்” என்றான்.

ஆனால் முதலில் இறங்கிய பையன் ரெக்சன் அப்படியேதான் விழுந்தான். அடுத்து வந்த ஜெர்லின் குப்புற விழுந்தாள். ஆன்லின் உச்சியிலேயே வழுக்கி உட்கார்ந்தாள். விழுந்து எழுந்த பிள்ளைகள் எவரும் டைட்டஸைப் பார்க்கவில்லை. தூரத்து உடைமரத்தையே பார்த்தார்கள். என் முகத்தைப் பார்க்க வெட்கம் போல என்று அவன் நினைத்துக்கொண்டான். மரத்தடியில் கிரேஸி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆன்லின் மறுபடி கிளம்பினாள். கண் காலிலேயே இருந்தது. கிரேஸியின் வாயிலிருந்து தலைப்பு விழுந்தது.

“ஏட்டி ஆன்லின், காலப் பாக்காத. அது எங்கயும் ஓடிறாது. போற எடத்தப் பாரு.”

ஆன்லின் நிமிர்ந்தாள். நின்றபடியே அடிவாரம் வந்து சேர்ந்தாள்.

மர்வா திரும்பினாள். “யாரு அண்ணாச்சி அது?”

தொலைந்தோம் என்றிருந்தது டைட்டஸுக்கு. “தெரியல மேடம். யாரோ மீன்காரி.”

“லே ரெக்சன், பின்னால சாஞ்சிருக்கியே, பஸ் சீட்டாலே அது? முட்டிய மடக்கி முன்னுக்கு வா.”

ரெக்சன் முன்னுக்கு வந்தான். விழவில்லை.

“ஒங்களுக்குப் பழக்கமா?” என்றாள் மர்வா.

“சேச்சே. முன்ன பின்ன பாத்ததே இல்ல.”

“ஜெர்லினு, தலையில மீன் கூடை இருக்குன்னு நெனச்சுக்க. ஆட்டம் பூரா இடுப்புக்குக் கீழ. கூடை ஆடுச்சு, காக்கா வந்துரும்.”

ஜெர்லின் செம்மணலில் பாம்பு போல வளைந்து வளைந்து இறங்கினாள். மர்வா வேகவேகமாக எழுதினாள்.

“பிள்ளைங்க பேரெல்லாம் சரியாச் சொல்லுதாங்களே?”

“மீன் விக்கிறவளுக்கு ஊரு பூரா தெரியும் மேடம். நமக்கும் அவளுக்கும் சம்பந்தமே கெடையாது.”

மூன்று முறை ஆகிவிட்டது. சிறுவயதில் பூசைக்கு உதவியவன் என்பதால், சேவல் கூவுமுன் ஆண்டவரை மும்முறை மறுதலித்த சீடரின் நினைவு வந்து, அந்த எண்ணிக்கை அவனுக்கே உறுத்தியது. நல்லவேளை, தேரியில் சேவல் கிடையாது.

மர்வா நோட்டை மூடினாள். “மொதல்ல பயந்துட்டேன் அண்ணாச்சி. அப்புறம் பிள்ளைங்க அருமையா வந்துட்டாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கு. சீட்டு இந்தத் தேரிக்குத்தான்.”

டைட்டஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எம்பேரு டைட்டஸு மேடம். தகப்பனார் பேரு மரிய அந்தோணி...”

“ஒங்க பேரு இருக்கட்டும். சீட்டுக்கு எழுத எனக்கு அந்த மீன்காரம்மா பேருதான் வேணும். நீங்கதான் பாத்ததே இல்லையே, நானே போய்க் கேட்டுக்கிடுதேன்.”

அவள் உடைமரத்தை நோக்கி நடந்தாள். டைட்டஸ் மணலில் விழுந்தடித்து ஓடி முந்திக்கொண்டான்.

“மேடம், அவ கிரேஸி! எம் பொண்டாட்டி. இருவது வருசமா எம் பொண்டாட்டி!”

“அப்படியாம்மா?” என்றாள் மர்வா.

அன்று காற்று அவர்கள் நின்ற பக்கத்திலிருந்துதான் வீசியது. அவன் மறுத்த மூன்று தடவையும் கிரேஸிக்குக் கேட்டிருந்தது. அவள் டைட்டஸை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரோ படகு ஒட்டுதவரு போல. முன்ன பின்ன பாத்ததே இல்ல” என்றவள், அவன் பக்கம் கையை நீட்டினாள். “ஆனா அந்த ஸ்வெட்டரு எனக்கு அளவாத்தான் இருக்கும். மெள்ளக் கழத்தித் தாரும்.”