கோல் அடிக்காதவள்

போட்டி முடிந்ததும் ஹாக்கி கழகச் செயலாளர் அருணகிரி மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு வீராங்கனையும் இந்த வருடம் எவ்வளவு தேறியிருக்கிறாள் என்று வாசித்தார். ஒரே ஒரு கோலில் கோப்பை கிடைத்திருந்தது. அதை அடித்த ஜெனிபாவின் கழுத்தில் மாலை கனத்தது. அடுத்து, தடுப்பாட்டக்காரி பேச்சியம்மாளின் முறை.

"பள்ளிக்கூடத்துல நாலு கோல், அஞ்சு கோல்னு அடிச்ச பிள்ளை. பின்னாடி நிக்க ஆரம்பிச்ச மூணு வருசத்துல ஒண்ணுகூட இல்ல. வளர்ச்சி போதாது."

"நின்னுக்கிட்டே தூங்குதாளோ என்னமோ!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. அன்று மட்டும் ஏழு பந்துகளை அவள் மறித்திருந்தாள். ஏழாவது பந்து பட்ட முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. அந்த வலியைக்கூடப் பொறுத்தாள். சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே மேடையேறி, தன் மட்டையை அருணகிரியின் கையில் திணித்தாள்.

"சார், ஒரு நிமிசம் கோலுக்கு முன்னால வந்து நில்லுங்க."

விசில் பறந்தது. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே போய் நின்றார்.

"ஜெனி, பிராக்டீஸ்ல எனக்கு அடிப்பேல்லா, அப்படி அடி."

"சார் பாவம்க்கா."

"ஏட்டி, அடி."

பந்து அவருக்குப் பின்னால் கோல் பலகையில் வெடித்தது. விசில் அடங்கியது. எப்போது விலகினோம் என்று அருணகிரிக்கே தெரியவில்லை. மட்டை தரையில் கிடந்தது. பேச்சியம்மாள் அதை எடுத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ஆறு இருக்கு சார். விலகாம நில்லுங்க."