வளைந்துகொடுக்கும் கட்டடம்

எண்ணூர்க் கடற்கரையில் இருந்த அந்த நாற்பது மாடி இரும்புக் கட்டடம் புயலுக்கு முறியாது. காற்று வலுத்தால், தூண்களையும் உத்திரங்களையும் பிணைக்கும் போல்ட்டுகள் தாமாகவே தளரும்; கட்டடம் வளைந்துகொடுக்கும். காற்று நின்றதும் அவை இறுகி, கட்டடம் நிமிர்ந்துகொள்ளும்.

அன்று மதியம் புயல் கரையைத் தொட்டது. இருபதாவது மாடியில் குடியிருந்த அமலோற்பவம், நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த கணவர் பெனடிக்டைப் பாதுகாப்பான படிக்கட்டுக் கூடத்துக்குத் தூக்கிச் செல்ல, எதிர்வீட்டுக் காசிம் பாயைக் கூப்பிடப் போனாள். இருவரும் திரும்புவதற்குள் மாடி சாய்ந்துவிட்டது. வாசல் நிலை கோணி, கதவு இறுகிப்போயிருந்தது. காசிம் தோளால் இடித்தார். அசையவில்லை.

"பீரோ நகருது, அமலா," என்றார் பெனடிக்ட் உள்ளிருந்து.

போல்ட்டுகளை வேண்டும்போது இறுக்கவும் வசதியுள்ள கட்டடக் கட்டுப்பாட்டு அறைக்கு அவள் போன் செய்தாள். "எங்க மாடிய மட்டும் கொஞ்சம் இறுக்குங்க சார். அவர் உள்ள மாட்டிக்கிட்டார்."

"ஒரு மாடிய இறுக்கினா மொத்தக் கட்டடமும் முறிஞ்சிடும்மா. காத்து அடங்கட்டும்."

அவள் கதவோடு ஒட்டி நின்று அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தத்துக்குப் பிறகு பதில் வரவில்லை.

சாயங்காலம் காற்று அடங்கியது. கட்டடம் மெல்ல நிமிர்ந்தது. அவள் கை பட்டதும் கதவு திறந்துகொண்டது. கட்டிலின் மேல் பீரோ கிடந்தது.

கூட்டம் எட்டிப் பார்க்கக் கூடாதென்று காசிம் கதவைச் சாத்தப் போனார். அமலோற்பவம் நிலைப்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"சாத்தாதீங்க பாய்," என்றாள். "அப்புறம் திறக்காது."