மாப்பிள்ளை கலந்த தண்ணீர்

“பதினேழாவது தடவையும் ஊத்திக்கிச்சு, மாமா.”

மாப்பிள்ளை குழாயை மேசையில் வைத்தார். குரோம் பூச்சு திட்டுத்திட்டாகக் கறுத்து, விளிம்பில் உரிந்திருந்தது.

மாமனாரின் முலாம் பட்டறையில் முப்பது வருடமாகக் குரோமிய அமிலத் தொட்டிதான். அதன் ஆவியால் அவர் மூக்கில் ரத்தம் கசிவதைப் பார்த்துத்தான், மாப்பிள்ளை கல்லூரி வேலையை விட்டுவிட்டு நஞ்சு குறைந்த கரைசல் தயாரிக்க இறங்கினார்.

“வேதியியல்ல டாக்டர் பட்டம். ஒரு குழாயைப் பளபளன்னு ஆக்கத் தெரியல. நல்லவேளை, கல்யாண மோதிரத்தை நான் முக்கி எடுக்கல” என்று தன்னையே நொந்துகொண்டார்.

“விடுங்க மாப்பிள்ளை. இந்தத் தண்ணியை என்ன பண்ண?”

“வழக்கம்போல கழிவுப் பீப்பாய்ல ஊத்திடுங்க.”

மதியம் குழாய்க் கம்பெனிக்காரர் வந்தார். மாமனார் தான் முலாமிட்ட குழாயையும் மாப்பிள்ளையின் குழாயையும் அருகருகே வைத்தார்.

வந்தவர் யோசிக்கவே இல்லை. “இது கண்ணாடி மாதிரி இருக்கு. அது என்ன, அடுப்புல விழுந்துடுச்சா?”

“இல்லைங்க, ஆராய்ச்சியில விழுந்துடுச்சு” என்றார் மாப்பிள்ளை.

வந்தவர் சிரித்துக்கொண்டே ஐயாயிரம் குழாய்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வெள்ளை மேலங்கியைக் கழற்றி மடித்தார். “தோத்துட்டேன் மாமா. உங்க பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன். மறுபடியும் பாடம் நடத்தப் போறேன். இங்க உங்க அமிலத் தொட்டியே ஓடட்டும்.”

“அதை எங்க ஓட்டறது? காலி பண்ணி மூணு வாரம் ஆச்சே.”

மாமனார் பின்னறைக் கதவைத் திறந்தார். அமில ஆவிக்குப் பயந்து மாப்பிள்ளை இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அறை. உள்ளே ஒரு புதுத் தொட்டியில் பச்சைக் கரைசல் நிரம்பியிருந்தது.

“நீங்க கொட்டச் சொன்ன தண்ணிதான். கொட்ட மனசு வரல, இதுல ஊத்தி வெச்சு, குழாயைப் போட்டுப் பார்த்தேன். அவர் எடுத்த குழாயும் இதுல போட்டதுதான்.”

மாப்பிள்ளை குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. “அப்போ என் குழாய் மட்டும் ஏன் கறுக்குது?”

மாமனார் நெளிந்தார்.

“மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாதுன்னு உங்க அத்தை கண்டிப்பா சொல்லியிருக்கா. எண்ணெய் போகக் கழுவின குழாயை வெறுங்கையால பிடிச்சு முக்கினா, கைப்பிசுக்கு பட்டு எந்தத் தண்ணியிலயும் முலாம் ஒட்டாதுங்க.”