தோண்டாதே

தேயிலைத் தோட்டத்து மயானத்தைத் தோண்டி ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்றதும், பேனருக்கென்று பிரான்சிஸ்கா தானே ஓர் எழுத்துரு வரைந்தாள். அதில் வளைவே கிடையாது. கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதுபோல, தடித்து, மூலை மூலையாக நின்றது. 'தோண்டாதே' என்பதற்கு வேண்டிய எழுத்துகளை மட்டும்தான் வரைந்திருந்தாள்.

பதுளையில் ஜௌபர் நானாவின் கடையில் பேனர் அச்சாகி வந்தது. கீழே, அதே எழுத்துருவில், இன்னொரு வரியும் இருந்தது: 'நாங்கள் நகர மாட்டோம்.'

"இந்த எழுத்தெல்லாம் நீங்க தரவே இல்லையே தங்கச்சி! வேற அடிச்சுத் தரவா?"

பிரான்சிஸ்கா அந்த வரியைத் தடவினாள். விரலில் ஈரச் செம்மண் ஒட்டியது. துடைக்காமலே பேனரைச் சுருட்டினாள்.

"வேணாம் நானா. காலையில வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்குப் பிந்தி வந்தவங்களைத் தோட்டத்துத் தொரைதான் திருப்பி அனுப்புவாரு. மண்ணுக்குள்ள இருந்து பிந்தி வந்தவங்களை நாங்க அனுப்ப மாட்டோம்."