டெல்லியில் ஒரே ஒரு மியூசியம்

டெல்லியில் மிஞ்சியது ஒரே ஒரு நாள். "ரயில் மியூசியம் போலாம்மா," என்றான் செல்வகுமார்.

"பழைய கல்லு வெச்சிருக்கற மியூசியத்துக்குத்தான் போவணும்," என்றாள் சொர்ணம்.

"கல்லுல இன்னாம்மா கீது? திருநின்றவூர்ல இல்லாத கல்லா?"

ஆனாலும் அழைத்துப் போனான். சொர்ணம் சிலைகளைத் திரும்பியும் பார்க்காமல், கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு கற்கோடரியின் முன் நின்றாள்.

செல்வகுமார் பலகையைப் படித்தான். "பல லட்சம் வருசத்துக்கு முந்தினதாம். நம்ம பக்கம் தோண்டி எடுத்ததுனு போட்டுகீது."

"தெரியும். கூலிக்குக் குழி தோண்டறப்போ என் கையிலதான் தட்டுச்சு. டெல்லிக்கு எடுத்துகினு போறோம்னு ஆபீசர் சொன்னாரு. அப்போ நீ என் வயித்துல இருந்தே."

செல்வகுமார் கோடரியை மறுபடி பார்த்தான். பிறகு, பக்கத்தில் நின்ற வட இந்தியக் குடும்பத்தைக் கூப்பிட்டு, தெரிந்த இந்தியில் சொன்னான்:

"இது எங்கம்மா கண்டுபிடிச்சது."