மார்லிஸ் போட்ட ஜோக்

நிர்வாகி போட்ட ஜோக்கின் மேலேயே புகார் வந்திருந்தது. கொடுத்தவர் ஆர்லன்.

மார்லிஸுக்கு எரிச்சலாக இருந்தது. ஆர்லன் எழுத்துப் பிழைக்குக்கூடப் புகார் கொடுக்கிற ஆள். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற மினசோட்டாக்காரர்களின் இணையக் குழு அது. அதன் நிர்வாகி மார்லிஸ்.

விஷயம் இதுதான். ஏரிப் பனியின் மேல் நிற்கும் மீன்பிடிக் குடில்களைத் திருடி விற்ற ஒருவன் பிடிபட்டான். ஜெயில் நிச்சயம் என்றதும் குழுவே கொண்டாடியது. மார்லிஸும் தன் பங்குக்கு ஒரு வரி எழுதினாள்.

"கவலைப்படாதே கண்ணு. அங்கே குடில் இல்லாமலேயே ராத்திரி உன்னைச் சூடா வச்சுக்க ஆளுங்க இருக்காங்க."

சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன.

பலாத்காரத்தை வைத்து யாரும் ஜோக் அடிக்கக் கூடாது, மீறினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் குழுவுக்கு வெளியே என்று போன வருடம் சட்டம் கொண்டுவந்தவளே அவள்தான். பெண்களைப் பற்றிய ஜோக்குகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கொண்டுவந்தது. வெறும் ஜோக்தானே, பிடிக்கலைன்னா படிக்காதே என்று ஆண்கள் மல்லுக்கு நின்றார்கள். சிலர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார்கள். மார்லிஸ் அசையவில்லை.

அன்றைக்கு அவள் பக்கம் முதலில் ஓட்டுப் போட்ட ஆண் இதே ஆர்லன். எப்போ கவுன் மாட்டினே என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்த நன்றிக்காகத்தான் நேரடியாகப் பேசிவிடலாம் என்று போன் செய்தாள்.

"ஏம்ப்பா ஆர்லன், அது பொம்பளையைப் பத்தினது இல்லையே. அவன் திருட்டுப்பய."

"சட்டத்தைத் திரும்பப் படிச்சுப் பார்த்தேம்மா. அதுல பொம்பளைன்னு எங்கேயும் இல்லை."

"அட, வெறும் ஜோக்தானே. பிடிக்கலைன்னா..."

மார்லிஸ் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஆர்லன் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"பத்தொம்பது வயசுல ஒரு கார் திருடி உள்ளே போனேன். வெளியே வர எட்டு மாசம் ஆச்சு. போன வருஷம் உங்களுக்காக ஓட்டுப் போட்டேன்னு பொம்பளைங்க எல்லாரும் நன்றி சொன்னீங்க. நான் எனக்காகத்தான் போட்டேன்."

ஆர்லன் தொடர்ந்தார். முதுகுக்குப் பின்னால் குத்தக் கூடாது என்பதற்காக, புகார் கொடுத்தவர் பெயரையும் வெளியிடுவது அந்தக் குழுவின் வழக்கம்.

"என் பேரைப் போட்டுடு. ஒளிஞ்சுக்க மாட்டேன். ஆம்பளை உனக்கு இதுல என்னடா வலின்னு கேப்பாங்க. அதுக்குத்தான் இன்னும் என்கிட்ட பதில் இல்லை."

அன்று மாலை அறிவிப்பு வந்தது. ஜோக் நீக்கப்பட்டது. அதைப் போட்ட மார்லிஸ் இந்தக் குளிர்காலம் முழுவதும் குழுவுக்கு வெளியே. அதுவரை நிர்வாகம் இன்னொரு உறுப்பினரான கெயில் கையில்.

குழு கொதித்தது. ஒரு திருட்டுப்பயலுக்காக நிர்வாகியையே வெளியே தள்ளுவதா என்றார்கள். புகார் கொடுத்த அந்த உத்தமன் யார், வழக்கப்படி பெயரைப் போடு என்று விடாமல் கேட்டார்கள்.

வெளியேறுவதற்கு முன் மார்லிஸ் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

"நான்தான்."