வாடை போன டிரம்

ரப்பர் மரங்களுக்கிடையே வழியும் காலை வெயில் நீல டிரம்மின் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. குணவதி மூடியில் காதை வைத்துக் கேட்கிறாள். அவள் ஊட்டி வளர்த்த நுண்ணுயிர்கள், சாப்பாட்டுக்கடை மிச்சச் சோற்றை அமிலமாக்கிக்கொண்டு நேற்றுவரை உள்ளே முணுமுணுத்தன. இன்று சத்தமே இல்லை. இந்த டிரம்மை நம்பித்தான் சுங்கை காடுட் ஊர்த் தொழிற்சாலை வேலையை விட்டாள். “நீலாய் ஃபேக்டரிக்காரங்க இந்த அமிலத்த வாங்க வர்றாங்கல்ல, இந்த நாத்தம் நமக்கு அசிங்கம்லா. விடியறப்பவே ரெண்டு போத்தல் பிளீச் உள்ள ஊத்திட்டேன்,” என்கிறான் கணவன் வடிவேலு, வாசலைக் கூட்டியபடி. செம்மண் பாதையில் கார் திரும்புகிறது. குணவதி காதை இன்னும் அழுத்துகிறாள். ஒரு குமிழாவது உடையாதா? வடிவேலு மூச்சை இழுத்துப் பார்த்துச் சிரிக்கிறான். “பாரு, இப்ப அந்தப் புளிச்ச வாடையே இல்ல!”